முட்டு வாடகை

தளம் போட்டு முடித்து இருபது நாளும் பதினாறு மணி நேரமும் ஆகியிருந்தன. அவள் கூரையின் மேல் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிமெண்ட் கரை கட்டிப் பிரித்திருந்த பாத்திகளில் நேற்று நிறுத்திய தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது. ஒவ்வொன்றாக நிரப்பினாள். நிரம்பியதும் அடுத்த பாத்திக்குப் போகாமல் குனிந்து தண்ணீருக்கு அடியில் பார்த்தாள். மயிரிழை போல ஒரு விரிசல் மூலையிலிருந்து கிளம்பி மூன்றாவது பாத்திக்குள் வந்து நின்றிருந்தது. நேற்றும் அங்கேதான் நின்றது. விரலை விரிசலின் முனையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"அம்மா!" கீழேயிருந்து மகள் கூப்பிட்டாள். "என் கட்டில் நடுவுல ஒரு கம்பு நிக்குது."

தளத்தையும் அதன் அடியில் பரப்பிய தகடுகளையும் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளுக்கு இடையில் ஏழு வயது மகள் சாக்கட்டியால் தரையில் கட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

"கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கோ. முதல்ல அங்கேருந்து வெளிய வா."

"சன்னல் பக்கம் எனக்குன்னு அப்பா சொல்லியிருக்காரு. கம்பைத் தள்ளிக்கச் சொல்லு."

மேஸ்திரியின் மொபெட் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு சின்ன லாரி. லாரியிலிருந்து இரண்டு ஆட்கள் குதித்தார்கள்.

"என்ன தங்கச்சி, இன்னும் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கே? போதும்மா, சளி பிடிச்சுக்கப் போகுது அதுக்கு."

அவள் குழாயைப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினாள். "வண்டி எதுக்குண்ணே?"

"தகடு ஏத்தத்தான். சென்ட்ரிங் பிரிக்கணும்ல? உன் வீட்டுக்காரர்தான் வரச் சொன்னாரு."

வீட்டுக்குப் பத்தடி தள்ளி இருந்த தகரக் கொட்டகையிலிருந்து கணவன் வெளியே வந்தான். வெல்டிங் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய கம்பிகளில் அவனே சன்னல்கள் செய்துகொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டும்," என்றாள் அவள்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "பதினாலு நாள்ல பிரிக்கிறேன்னேன். ஒரு வாரம் போகட்டும்னே. சரின்னேன். இன்னிக்கு மறுபடியும் ஒரு வாரமா? இது தளமா, ஊறுகாயா? ஊறிக்கிட்டே இருக்கணுமா?"

"எங்க லேப்ல இருபத்தெட்டு நாள்தான் கணக்குண்ணே."

"அது லேப்ல. இந்தப் பக்கம் யாரும்மா இருபத்தெட்டு நாள் வச்சிருக்காங்க? வாடகைக் கடைக்காரன் என் பேருலதான் தகடும் கம்பும் கொடுத்திருக்கான். அடுத்த சைட்ல எட்டுப் பேரு இதுக்காக உக்காந்திருக்காங்க. அவங்க வீட்டுல அடுப்புக்கும் நீ லேப் கணக்கு சொல்லுவியா?"

அவள் ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டாள்.

"எழுநூறு," என்றான் கணவன். "ஒரு நாளைக்கு எழுநூறு ரூபா வாடகை. போன வாரத்தோட குளியலறைக் கதவு போச்சு. இந்த வாரத்தோட சமையல் மேடை போகும்."

"கதவுக்கு ஒரு திரை போட்டுக்கலாம்."

"போட்டுக்கலாம். மேடைக்குப் பதிலா பெட்டி வச்சுக்கலாம். சன்னலுக்கு அட்டை ஒட்டிக்கலாம். முட்டுக்கம்பை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதோட குடும்பம் நடத்தலாம்."

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி. அடுத்த ஞாயிறு. அதுக்கு மேல ஒரு மணி நேரம் கிடையாது. கடவுளே வந்து கேட்டாலும் கிடையாது."

லாரி காலியாகக் கிளம்பியது. கிளம்பும் முன் டிரைவர் வாடகைக்குக் கை நீட்டினார். கணவன் கொடுத்தான். யார் பக்கமும் திரும்பாமல் கொட்டகைக்குள் போனான். வெல்டிங் வெளிச்சம் தகரத்தின் ஓட்டைகளில் தெரியத் தொடங்கியது.

நிலம் மலிவாகக் கிடைத்திருந்தது. நகரத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். இந்த விலைக்கு நகரத்தில் ஒரு கார் நிறுத்துகிற இடம்கூடக் கிடைக்காது என்று கணவன் அப்போது எல்லாரிடமும் சொன்னான். மற்றதெல்லாம் லாரியில் வர வேண்டும் என்பது பிறகுதான் கணக்கில் ஏறியது. செங்கல்லுக்குக் கொடுத்த அளவு செங்கல் வந்த தூரத்துக்கும் கொடுத்தார்கள். மணலும் ஜல்லியும் அப்படியே. லாரிக்காரர்கள் வருவதற்கு ஒரு வாடகையும் காலியாகத் திரும்பிப் போவதற்கு இன்னொரு வாடகையும் கேட்டார்கள்.

"மணல் கொண்டாந்ததுக்குக் காசு, சரி. மணல் இல்லாம போறதுக்கும் காசா?" என்று ஒருவரிடம் கணவன் சண்டைக்குப் போனான்.

"இங்கேருந்து ஏத்திக்கிட்டுப் போக எதாச்சும் இருந்தாக் குடுங்க. ஏத்திக்கிறேன்." லாரிக்காரர் சுற்றிலும் பார்த்தார். முள்செடிகளும் ஒரு மின்கம்பமும் இருந்தன.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனையிலேயே கொட்டகை போட்டுக் குடிவந்தது அந்தச் சண்டைக்குப் பிறகுதான். மிச்சமான வீட்டு வாடகையில் கதவு நிலைகள் வந்தன. வங்கி நான்கு தவணைகளாகக் கடன் கொடுத்தது. முட்டுகளைப் பிரித்து உள்பூச்சு ஆரம்பித்தால் நான்காவது தவணை வரும்.

அவள் நகரத்தில், கான்கிரீட் கலந்து லாரியில் அனுப்பும் ஆலையின் லேபில் ஒன்பது வருடமாக வேலை பார்த்தாள். போகும்போது ஒரு மணி நேரம் பத்து நிமிடம், வரும்போது ஒரு மணி நேரம் பத்து நிமிடம், பேருந்தில் வீட்டுக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். சுவர் வரை கணக்கு நின்றது. கூரையில் இடித்தது. ஆளை வைத்துக் கையால் கலந்தாலும், ஆலையிலிருந்தே வாங்கினாலும் முப்பதாயிரத்துக்கு மேல் துண்டு விழுந்தது. கழிவறையை வெளியே தள்ளிப் பார்த்தாள். ஓர் அறையைக் குறைத்துப் பார்த்தாள். கடைசியில் மேனேஜரிடம் போய் நின்றாள்.

மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"நம்ம ஸ்டாஃப் வீடு கட்டுறது நமக்கும் பெருமைதானே? பாதி விலை போட்டுக்கலாம். ஆறு மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கிறோம். ஒண்ணே ஒண்ணு, இந்த நேரத்துக்கு வேணும்னு கேக்கக்கூடாது. வண்டி எப்ப ஒழியுதோ அப்ப வரும்."

"ஞாயித்துக்கிழமைன்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன் சார்."

"ஞாயிறே வரும். அன்னிக்குக் காலைல மட்டும் நீ முதலாளி வீட்டு சைட்டுக்குப் போயிடு. அங்கயும் அன்னிக்குத்தான் தளம். லோடு பாத்து இறக்க நம்ம ஆள் ஒருத்தர் நிக்கணும்னு சொல்றாரு. மத்தியானம் நீ உன் வீட்டுக்குப் போய்க்கலாம்."

தளம் போட்ட அந்த ஞாயிறு, அவள் முதலாளி வீட்டிலிருந்து மனைக்கு வந்துசேர்ந்தபோது பன்னிரண்டரை. பதினான்கு பேர் கலவை சுமக்கும் பாண்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து அப்படித்தான்.

"உக்காந்ததுக்கே அரைக் கூலி ஆயிடுச்சு தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "நல்ல வேலை. தினமும் இப்படிக் கிடைச்சா நான் சிமெண்டையே தொட மாட்டேன்."

ஒன்று பத்துக்கு வளைவில் லாரியின் தலை தெரிந்தது. கணவன் முன்னால் ஓடி, கையை வீசி வழி காட்டினான். மகள் சுற்றும் டிரம்மைப் பார்த்துக் கைதட்டினாள். லாரியின் கதவில் ஏழு என்று பெரிதாக எழுதியிருந்தது.

அவள் சோதனைக் கட்டி வார்க்க எண்ணெய் தடவிய மூன்று இரும்பு அச்சுகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். அச்சுகளில் ஒன்று கீழே விழுந்தது.

டிரைவரை ஆலையில் எல்லாரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்கமாக அவளைக் கண்டால், "லேப் அக்கா, இன்னிக்கு எத்தனை கல்லு உடைச்சீங்க?" என்று கேட்காமல் போக மாட்டான். இன்று இறங்கியவன் அவளைப் பார்த்ததும் சட்டென்று நின்றான். பிறகு லாரியின் மறுபக்கம் போய்க் கை கழுவத் தொடங்கினான். வெகுநேரம் கழுவினான்.

அவள் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்தாள். எடுத்த கையை மற்றொரு கையால் தேய்த்துக்கொண்டாள்.

"பாத்தியா, சொன்ன மாதிரியே வந்துட்டான்," என்றான் கணவன். அவன் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "உங்க மேனேஜர் தங்கமான மனுஷன்."

பதினான்கு பேரும் எழுந்து, ஏணி வரை வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவர் பாண்டைத் தட்டித் தாளம் போட்டார்.

"ஆரம்பிக்கலாமா?" மேஸ்திரி அவளைக் கேட்டார்.

அவள் வரிசையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"ம்," என்றாள்.

கலவை ஒரு சமயம் தண்ணீராக ஓடியது, ஒரு சமயம் கட்டியாக விழுந்தது. மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, உங்க மிஷினுக்குக் கோபமா?" என்று கேட்டுவிட்டு, கட்டிகளை மண்வெட்டியால் அடித்து உடைக்கச் சொன்னார். அவள் மூன்று அச்சுகளிலும் கலவையை நிரப்பி, கம்பியால் குத்தி, மேற்பரப்பை வழித்துவிட்டாள். நான்கு மணிக்குத் தளம் முடிந்தது.

மறுநாள் அச்சிலிருந்து எடுத்த மூன்று கான்கிரீட் கட்டிகளையும் கொட்டகைக்குள் ஒரு பெயிண்ட் வாளியில், தண்ணீருக்குள் போட்டு வைத்தாள். எட்டாம் நாள், திங்கட்கிழமை, ஒன்றைத் துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து ஆலைக்குக் கொண்டுபோனாள். எட்டு கிலோ. பை தோளில் பட்டை பட்டையாகப் பதிந்தது. மதிய இடைவேளையில், லேபில் யாரும் இல்லாதபோது, அதை நொறுக்கும் இயந்திரத்தில் வைத்தாள். ஏழு நாளிலேயே முந்நூறையாவது தொட வேண்டிய முள், நூற்றைம்பத்தைந்தில் நின்று பின்னால் விழுந்தது. தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, அந்தக் கையோடு சாப்பிட உட்கார்ந்தாள். பாதியில் டப்பாவை மூடினாள். அன்று மாலை மேஸ்திரிக்குப் போன் செய்து, பதினான்கு நாளில் பிரிக்க வேண்டாம் என்றாள்.

இருபத்தோராம் நாள் தகடு ஏற்ற வந்த லாரி காலியாகத் திரும்பிய மறுநாள், ஆலையின் கழுவுமிடத்தில் மொட்டையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தின?"

அவன் டிரம்முக்குள் குழாயை விட்டுக்கொண்டே இருந்தான். "என்னைக் கேக்காதீங்கக்கா. போன்னா போறேன். வான்னா வர்றேன். டிரம்முக்குள்ள இறுகிடுச்சுன்னா உளி வச்சு உடைக்கிற கூலியை என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

"எவ்வளவு ஊத்தினன்னுதான் கேட்டேன்."

"வண்டியில இருந்த டேங்க் முழுசா." குழாயை நிறுத்தினான். "சத்தியமா உங்க வீடுன்னு தெரியாதுக்கா. அந்தப் பக்க லோடுன்னாங்க. அங்க வந்து உங்களப் பாத்தப்புறம்தான் தெரியும்."

அந்தப் பக்க லோடு என்றால் என்னவென்று ஆலையில் எல்லாருக்கும் தெரியும். நகரத்துக் கட்டடங்களில் இன்ஜினியர்கள் உண்டு. நேரம் கடந்து சூடேறிய கலவையை அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கொட்டினால் நஷ்டம்; தண்ணீர் ஊற்றி இளக்கினால் ஓடும், பலம்தான் போகும். நகரத்துக்கு வெளியே, தாங்களாகவே கணக்குப் போட்டுத் தாங்களாகவே வீடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கலவையின் இளக்கத்தை அளக்கும் கூம்பும் இல்லை, நொறுக்கிப் பார்க்கும் இயந்திரமும் இல்லை. குறைந்த விலை என்றால் சந்தோஷப்படுவார்கள்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. கொட்டகையின் தகரம் மூன்று இடங்களில் ஒழுகியது. கணவன் பாத்திரங்களை வைத்தான். பிறகு பாயைச் சுருட்டினான். பிறகு சுருட்டிய பாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"பத்தடி தள்ளி நமக்குன்னு ஒரு கூரை நிக்குது. இருபத்தஞ்சு நாளாச்சு. நாம இங்க சட்டி வச்சு மழைத் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கோம்."

"நாம அங்க போய்ப் படுத்துக்கலாம்மா," என்றாள் மகள். "என் கட்டில் நனையாது."

"வேண்டாம்."

"ஏன்?"

"கம்பெல்லாம் நிக்குதுல்ல, இடிச்சுக்குவ."

"கம்பு நிக்கிறப்பவும் படுக்கக்கூடாதா?" என்றான் கணவன். அவள் ஒழுகும் இடத்துக்கு நேராகக் கிண்ணத்தை நகர்த்தினாள். அவன் அவளையே பார்த்தான். "என்கிட்ட எதையாச்சும் மறைக்கிறியா?"

"இல்ல."

"எங்கயாச்சும் கைமாத்து வாங்கியிருக்கியா? அதைச் சமாளிக்கத்தான் நாளைக் கடத்துறியா?"

"இல்லங்க."

"அப்ப என்னதான்?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மழை தகரத்தில் பலமாக விழத் தொடங்கியது. அவள் ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று கத்தினான்.

"ஞாயித்துக்கிழமை பிரிச்சிடலாம்னேன்."

ஞாயிறு காலை முதல் பேருந்துக்கு அவள் கிளம்பினாள். மீதி இரண்டு கட்டிகளும் பையில் இருந்தன. பையைத் தூக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"இன்னிக்குமா வேலை?" கணவன் கேட்டான்.

"ஒரு சின்ன வேலை. பத்தரைக்குள்ள வந்துடுறேன். நான் வந்தப்புறம் பிரிக்கலாம்."

"மேஸ்திரி ஒன்பதுக்கு வர்றாரு. நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

லேபில் முதல் கட்டியை வைத்துப் பிடியைத் திருகினாள். முள் மெதுவாக ஏறியது. நானூற்றைம்பது வரை போக வேண்டும். இருநூற்றுநாற்பதில் உள்ளே ஏதோ முனகியது. முள் விழுந்தது. இரண்டாவதை வைத்தாள். இருநூற்றிருபத்தைந்து.

"ஞாயித்துக்கிழமை யாருக்கு உடைக்கிற?" மேனேஜர் வாசலில் நின்றிருந்தார்.

"எனக்கு சார்."

அவர் உள்ளே வந்து முள்ளைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"பாதிதான் சார் வந்திருக்கு."

"நீயும் பாதிதானே கொடுத்த?" என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. அந்தப் பக்கம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு. ஒண்ணாச்சும் விழுந்துச்சா? புதுசா கட்டுறப்ப எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும். உள்ள நல்லாக் கனமா ஒரு பூச்சு பூசிடு."

"எம் பொண்ணு அதுக்குக் கீழ படுக்கணும் சார்."

"மறுபடியும் போடணும்னா போட்டுக்கோ. முழு விலை. உடைக்கிற கூலியும் உன்னோடது. பழைய பிடித்தமும் நடந்துக்கிட்டேதான் இருக்கும்."

வெளியே கார் வந்து நின்றது. மேனேஜர் அவசரமாகக் கதவைத் திறந்தார். முதலாளி ஒரு நண்பரோடு உள்ளே வந்தார்.

"இதுதான் நான் சொன்ன லேப் பொண்ணு," என்றார் நண்பரிடம். "எங்க வீட்டுக்குத் தளம் போட்ட அன்னிக்குப் பம்ப் கெட்டுப்போய் ரெண்டு மணி நேரம் லேட்டு. இந்தப் பொண்ணு ஏழாம் நம்பர் வண்டியை வாசல்லயே நிறுத்திடுச்சு. 'சூடாகிடுச்சு சார், இது ஆகாது, வேற லோடு வரச் சொல்லுங்க'ன்னு திருப்பி அனுப்பிடுச்சு. முதலாளி வண்டியாச்சேன்னு பாக்கல. அடுத்து வந்தது வெண்ணெய் மாதிரி இருந்துச்சு."

"இந்த மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம்," என்றார் நண்பர்.

மேனேஜர் மேசையின் மேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். அவள் துடைப்பத்தால் இயந்திரத்தின் தட்டிலிருந்த தூளைக் கூட்டினாள்.

"நீயும் வீடு கட்டுறியாமே?" முதலாளி கேட்டார். "எப்படிப் போகுது?"

"போகுது சார்."

வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள். மனையில் சிக்னல் கொட்டகையின் ஒரு மூலையில் மட்டும்தான் கிடைக்கும். மணி அடிக்கவே இல்லை. மேஸ்திரியின் போனும் அப்படியே. அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. ஆலையின் வாசலில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கையைக் காட்டினாள்.

"எங்க போற?"

மொட்டை சன்னலில் எட்டிப் பார்த்தான். "அந்தப் பக்கம்தான்." ஒரு கணம் தயங்கினான். "ஏறுங்கக்கா."

உள்ளே கால் வைக்க இடம் இல்லாமல் காலி பாட்டில்கள் உருண்டன. முதுகுக்குப் பின்னால் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவள் டிரம்மைக் காட்டினாள்.

"யாருக்கு இது?"

"ஒரு டெய்லர் வீடாம். உங்க வளைவு தாண்டி ஆறு கிலோமீட்டர்."

"எத்தனை மணிக்கு ஏத்தினது?"

"கேக்காதீங்கக்கா."

அவள் சாலையைப் பார்த்தாள். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"நான் சொன்னா நாளைக்கு இந்த வண்டிய வேற ஒருத்தன் ஓட்டுவான்." கியரை மாற்றினான். "நீங்க வேணா வாங்க. வந்து சொல்லுங்க."

வளைவில் வண்டி நின்றது. அவள் இறங்கினாள். கதவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கதவை விட்டுவிட்டு மண்சாலையில் ஓடத் தொடங்கினாள். லாரி நேராகப் போயிற்று.

வீட்டின் முன்னால் சின்ன லாரி நின்றது. அதில் பாதி உயரத்துக்குத் தகடுகள் அடுக்கியிருந்தன. இரண்டு ஆட்களும் ஒரு கட்டு முட்டுக்கம்புகளைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து வரிசை முட்டில் மூன்று வரிசை போயிருந்தது. தகடு எடுத்த இடத்தில் தளத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. பல இடங்களில் சிமெண்ட் இல்லாமல் ஜல்லி மட்டும் பல்லைக் காட்டியது.

"வந்துட்டியா?" கணவன் தகடு ஒன்றைச் சுவரில் சாய்த்தான். "கொஞ்சம் ஜல்லி தெரியுது. பூசினா சரியாயிடுமாம்."

மேஸ்திரி உள்ளே சன்னலோரமாக நின்றிருந்தார். கையில் சுத்தியல். அவர் காலுக்கு அடியில் சாக்கட்டிக் கட்டில், அதன் தலைமாட்டில் வரைந்த ஒரு தலையணை, தலையணையில் ஒரு பூ. கட்டிலின் நடுவில் அந்தக் கம்பு. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"அம்மா, என் கட்டில்லேருந்து கம்பு போகப் போகுது!"

அவள் மகளைத் தூக்கி வெளியே, லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, அதைத் தொடாதீங்க. வெளிய வாங்க."

"இப்பதான்மா ஆப்புல ஒரு தட்டு தட்டினேன். இன்னொரு தட்டு."

"வெளிய வாங்கண்ணே!"

அவள் இவ்வளவு உரக்கப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ஆட்கள் கம்புக் கட்டைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். மேஸ்திரி சுத்தியலைத் தாழ்த்தினார். ஆனால் வெளியே வரவில்லை. மற்றக் கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கித் தனக்கு மேலே பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" கணவன் அவளுக்கு எதிரே வந்து நின்றான். "நீ கேட்ட இருபத்தெட்டு நாள் முடிஞ்சுடுச்சு. கதவு போச்சு, மேடை போச்சு. இன்னும் என்ன போகணும்? நாலு பேரு முன்னாடி சொல்லு. ஏன் பிரிக்கக்கூடாது?"

"தளத்துல பலம் இல்ல. இப்பதான் கட்டிய உடைச்சுப் பாத்துட்டு வர்றேன். பாதிதான் வந்துச்சு."

"உங்க கம்பெனிக் கலவை. நீயே நின்னு போட்ட. பலம் இல்லன்னா எப்படி?"

தளத்திலிருந்து ஒரு சின்ன ஜல்லி உதிர்ந்து, சாக்கட்டிக் கட்டிலின் மேல் விழுந்து உருண்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"எப்படின்னு கேக்குறேன்ல?"

அவள் கையிலிருந்த காலிப் பையை இரண்டாக மடித்தாள். மறுபடியும் மடித்தாள். மேஸ்திரி கம்பைப் பிடித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்த லோடு," என்றாள், "அன்னிக்குக் காலைல முதலாளி வீட்டுக்குப் போனது. ஆகாதுன்னு அங்கேருந்து திருப்பி அனுப்பினது நான்தான்."